இன்னும் வலிக்குது

“ஆபரேஷன் முடிஞ்சு மாசக்கணக்காச்சு. இன்னுமா உங்கப்பாவால உட்கார முடியலை?” என்றான் கணவன். அவளைக் கையோடு அழைத்துப் போக வந்திருந்தான்.

பிட்டத்துத் தசை நரம்பை நெரித்ததால், அப்பாவின் காலை வருடக்கணக்காகச் சுண்டி இழுத்த வலிக்குத்தான் அந்த ஆபரேஷன். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எங்கே, உட்காருங்க மாமா, பார்ப்போம்.”

ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு அப்பா மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். அடுத்த நொடியே, “ஐயோ, உயிர் போகுதே!” என்று அலறிக்கொண்டு எழுந்தார். மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்ச நாள் அவ இருக்கட்டும் மாப்பிள்ளை,” என்று கெஞ்சினார்.

“அடுத்த மாசம் வருவேன். அதுக்கு மேல பொறுக்க மாட்டேன்,” என்று கதவை அறைந்துவிட்டுப் போனான் அவன்.

மகள் மாத்திரை எடுக்க உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது, அப்பா அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா! வலி?”

“அது போய் ரொம்ப நாளாச்சும்மா. நீ எனக்குத் தைலம் தேய்ச்சப்போ உன் சட்டைக் கை மேலே ஏறுச்சு. அவன் வச்ச சூட்டுத் தழும்பைப் பார்த்தேன். நீயா வாயைத் திறக்கிற வரைக்கும் எனக்கு வலிக்கட்டும்னு இருந்தேன்.”

அவள் அவர் மடியில் முகம் புதைத்து, முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

“எழுந்திரு. நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறோம். காரை நான்தான் ஓட்டப் போறேன்.”