எந்த வரி?

டாக்டர்கள் காகிதத்தில் எழுதுவதெல்லாம் தாங்கள் தப்பிக்கத்தான். நான் அவர்களை நம்புவதில்லை.

தையல் மிஷினில் உட்காரும்போதெல்லாம் என் மனைவிக்குப் பிறப்புறுப்பின் மடிப்பு உரசிப் புண்ணானது. அதை வெட்டிச் சரிசெய்து எட்டு மாதமாகிறது. புண் போய்விட்டது. கூடவே உணர்ச்சியும் போய்விட்டது.

"மரக்கட்டையாட்டம் இருக்கு டாக்டரம்மா."

"சிலருக்கு அப்படி ஆகும்மா. போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். நீங்க கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் காகிதத்துலயே இருக்கே!"

"இருக்காது! இவரு ரெண்டு தடவை படிச்சுட்டு, 'பயப்பட ஒண்ணுமில்ல, போடு'ன்னாரு. அப்புறந்தான் போட்டேன். முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவரு. இவரு கண்ணுக்குத் தப்புமா?"

டாக்டரம்மா காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எங்கயாவது பொடி எழுத்துல ஒளிச்சு வச்சிருப்பாங்க. எந்த வரின்னு காட்டுங்க, மிச்சத்த நான் கேக்கறேன்" என்று மனைவி என் தோளைத் தொட்டாள்.

வேறு வழியில்லாமல் கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"அது எங்க ஆஸ்பத்திரி விலாசம், ஐயா."

தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

அந்த ஆபீசில் முப்பது வருஷமும் நான் இங்கிலீஷ் ஃபைல்களைச் சுமந்தவன்தான். படித்தவனில்லை.