அரிசி டின்னில் ஒரு நகல்

கியாக்தான் ஊருக்குப் போன கணவன் மாஹிர் மூன்று நாளாகத் திரும்பவில்லை. வந்தவர் தமிழில் பேசியதால்தான் ஸமீரா கதவைத் திறந்தாள். மாஹிரின் கூட்டாளி என்றார். அண்ணன் முறையாக 'நானா' என்று அழைத்து டீ கொடுத்தாள்.

"கரண்டு இப்புடிப் போவுதே தங்கச்சி. போராட்ட ஊர்வலத்துல காணாமப் போனவங்களப் பத்தி அவரு எழுதுன குறிப்பெல்லாம் பத்திரமா?"

"கம்ப்யூட்டர்ல அழிஞ்சாலும் பென் டிரைவ்ல இருக்கு நானா. ஈரம் படாம அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்காரு."

"அதுவும் கெட்டுப்போனா?"

"தாகேதாவுல மாமி வூட்டுல ஒரு சிடி இருக்கு." கணவனின் முன்யோசனையைச் சொல்வதில் அவளுக்குப் பெருமை.

அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். தெருமுனையில் நின்ற ஜீப்பைக் கைகாட்டி அழைத்தார்.

"மூணு நாளா எவ்வளவோ அடிச்சும் இத மட்டும் அவரு சொல்லல தங்கச்சி."