தலைவரின் துப்பாக்கிக் கட்டை

"வேட்டைக்காரனோட வீரம் தோட்டாவுல இல்ல, துப்பாக்கிக் கட்டையில இருக்கு!" என்று முழங்கினார் திருச்செல்வம். மலேசியாவில் கோலா சிலாங்கூர்ப் பக்கத் தோட்டமொன்றில் காட்டுப்பன்றி ஒழிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இதுவரை ஒரு பன்றியையும் சுட்டதில்லை. இரண்டு முறை குறிபார்த்திருக்கிறார், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு.

குழலையும் மற்ற இரும்பையும் உள்ளே பூட்டிவிட்டு, பித்தளைத் தகடு பதித்த மரக்கட்டையை மட்டும் மடியில் போட்டு உள்ளங்கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இது ஒன்பதாவது பூச்சு.

"தலைவரே, நேத்தும் பன்னி வந்து செம்பனைக் கன்னுங்களப் புடுங்கிப் போட்டிருச்சு. நாப்பதுதான் மிச்சம்," என்றாள் வேலம்மா. பாமாயில் எடுக்கும் அந்தச் செம்பனை இரண்டு ஏக்கர்தான் அவள் பிழைப்பு.

"ஞாயித்துக்கெழம வேட்டை. அதுக்குள்ள கட்டை பளபளன்னு ஆவணும்மா. போட்டோ எடுக்கப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க லா!"

தச்சன் லோகேஸ்வரன் எண்ணெய் டின்னை எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, செவப்பா இருக்கு? இதுக்கு ஆளிவிதை எண்ணெய்தானே போடுவாங்க? அதுதான் காயும்."

"வெள்ளைக்காரன் எண்ணெய் எனக்கெதுக்கு? நம்ம தோட்டத்துப் பழம், நானே அவிச்சுப் பிழிஞ்ச செம்பனை எண்ணெய். மணத்தப் பாரு!"

"ரோட்டுலேயே பாத்துட்டேன்."

தலைவரின் மனைவி தனேஸ்வரிக்கும் அதே அபிப்பிராயம். கட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் அது கொல்லைப்புறப் பலகையில் கிடந்து காய்ந்தது. காய்ந்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். தொட்டால் கை ஒட்டியது.

ஞாயிறு காலை பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்து நின்றார். பலகையில் கட்டையைக் காணோம்.

தலைவருக்கு முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "பொறாமை!" என்று கத்திக்கொண்டு, ஊரையே பின்னால் திரட்டி லோகேஸ்வரன் பட்டறைக்குப் போனார்.

"மரியாதையா கட்டையக் குடுத்துரு. இல்ல, போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிருவேன்!"

"அத எடுத்து நான் என்ன, திங்கவா போறேன்?"

"போட்டோவுல என் மொகம் வரக்கூடாதுன்னு நீதான் பண்ணியிருக்கே!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலம்மா வந்தாள். நேரே தன் நிலத்திலிருந்து வருகிறாள், காலெல்லாம் சேறு. அவள் நீட்டிய கையில், கட்டையில் பதித்திருந்த பித்தளைத் தகடு. 'வேட்டைத் தலைவர் திருச்செல்வம்' என்ற எழுத்தின் மேல் பல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

"தலைவரே, இத மட்டும் பன்னி துப்பிட்டுப் போயிருக்கு."