மாதாவின் எட்டு டிகிரி

கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் ஒரே கோட்டில் வரும்படி படகைத் திருப்பினால் திசைகாட்டி தொண்ணூறு காட்ட வேண்டும். எண்பத்திரண்டு காட்டியது. லிகோரியும் தம்பி அமலனும் கத்தி, நங்கூரம், டார்ச் என்று இரும்பையெல்லாம் முன்னால் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். எண்பத்திரண்டுதான். கடைசியில், படகைப் பாதிரியார் மந்திரித்த அன்று திசைகாட்டியை ஒட்டி நிறுத்திய சின்ன மாதா சுரூபத்தை அமலன் கையில் எடுத்தான். முள் மெல்ல நகர்ந்து தொண்ணூற்றில் நின்றது. சுரூபத்தின் அடியில் வட்டமாக ஒரு காந்தம் இருந்தது.

“அப்ப மீன் கெடக்குற அந்தப் பாறைக்கு மாதாதாம்ண்ணே நம்மள இழுத்துட்டுப் போயிருக்கு.”

அந்தப் பாறைக்குப் போகும் டிகிரியைப் போன வருடம் லிகோரி நண்பன் கஸ்பாரிடம் நம்பிச் சொல்லியிருந்தார். அதே டிகிரியில் தன் படகில் போய் வெறும் வலையோடு திரும்பிய கஸ்பார், கரையில் எல்லார் முன்னாலும் அவரைப் பொய்யன் என்றதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கரையேறியதும் லிகோரி சுரூபத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கஸ்பார் வீட்டுப் பக்கம் நடந்தார்.

“அவருக்குக் குடுத்துட்டா, நாளைக்கு நாம எப்படிண்ணே போறது?”

“அவன் பின்னாலதான்.”