ஆணியில் மாட்டாத துண்டு

வடக்கனந்தல் சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம் கிடக்கிறது. இலைகள் இன்னும் வாடவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்கிறவர்கள் மரத்துக்கு இந்தப் பக்கம். போலீஸ்காரர்களும் நின்றுபோன பேருந்தின் பயணிகளும் அந்தப் பக்கம். மதலைமுத்துவும் கூட வந்தவரும் சூசையப்பர் கோயில் சேவைச் சபையின் கஞ்சிக் குண்டானை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். இந்தப் பக்கம் எல்லோருக்கும் ஊற்றியாயிற்று. மரத்தின்மேல் கோடரியோடு உட்கார்ந்திருக்கும் மதலைமுத்துவின் தம்பி தைரியநாதன் மறிக்கிறான். "இன்னாண்ணே, நேத்து எங்கள அடிச்சவனுக்கே ஊத்தப் போறியா? அதுவும் சங்கத்துத் துண்டப் போட்டுக்கினு?"

மதலைமுத்து தோளைத் தொட்டுப் பார்க்கிறார். மறியல் நடத்துகிற சங்கத்தின் மஞ்சள் துண்டு. சேவைக்குக் கிளம்புகிறவர்கள் கட்சித் துண்டு, சங்கத் துண்டு எதுவானாலும் கோயில் அறை ஆணியில் மாட்டிவிட்டு வருவதுதான் சபையின் வழக்கம், அவசரத்தில் மறந்திருக்கிறார். மரத்துக்கு மேலே தம்ளரை நீட்டியிருந்த கான்ஸ்டபிள் ஒருவர் துண்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறார். கஞ்சியின் ஆவி காலை வெயிலில் மெல்ல எழுகிறது. பேருந்துக்குள் ஒரு குழந்தை சிணுங்குகிறது. மதலைமுத்து துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்துத் தம்பியிடம் நீட்டுகிறார். "புடிடா. எம்புள்ளைக்கும் சேத்துத்தான இட ஒதுக்கீடு கேக்குறோம். ஊத்திட்டு வந்து வாங்கிக்கிறேன்." தைரியநாதன் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறான். பிறகு கோடரியை எடுத்து, குண்டான் போகிற அளவுக்கு மட்டும் கிளையை வெட்டி வழி விடுகிறான்.