மூக்கன் கொடுத்த பானை

குழிக்குள் இறக்குமுன் இருசப்பன் துணியை விலக்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் இரண்டு கைகளாலும் மெல்லக் கிடத்தினார்.

"சீக்கிரம் மூடுங்க மாமா. கல்யாணத்துக்குப் போனவங்க திரும்பிடப் போறாங்க," என்றான் சரண்.

பட்டப்பகல். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பதினொரு குடும்பமும் புக்கிட் ரோத்தான் ஊர் மண்டபத்தில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் இவர்கள் இருவர், ஒரு மண்வெட்டி, கழுத்தில் மூன்று கோடு போட்ட ஒரு பழைய மண்பானை.

அடுத்த மாதம் புல்டோசர் வருகிறது. தோட்டத்தை வாங்கிய கம்பெனி, வீடுகளைக் காலி செய்யச் சொல்லி இரண்டு கடிதம் அனுப்பிவிட்டது. மாற்று வீடு பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

யோசனை சரணுடையது. பக்கத்து வீட்டுப் பையன், ரவாங் டவுனில் லோரி ஓட்டுகிறவன். லோரிக்குள் எப்போதும் ஒரு சரித்திர மர்ம நாவல் கிடக்கும். அப்படி ஒன்றில், மண்ணுக்குள் ஒரு தாழி கிடைத்ததும் ராஜா அரண்மனை வேலையையே நிறுத்திவிடுகிறான்.

"ராஜாவே நிறுத்துறான். கம்பெனிக்காரன் நிறுத்த மாட்டானா?"

இருசப்பன் முப்பது வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே குழி வெட்டியவர். மண்வெட்டி இறங்கும் சத்தத்திலேயே மண்ணைச் சொல்லிவிடுவார். இங்கே வெட்டும்போதே, "மண்ணு லேசா இருக்கே," என்று முனகியிருந்தார். மூன்றடியோடு நிறுத்தியும்விட்டார்.

"இந்த எடம் எதுக்கு மாமா? திடல்ல வச்சிருக்கலாம் லா."

"இங்கதான் வேர் இல்ல. எங்கம்மா சாகிற வரைக்கும் இங்க ஒரு வாழைக்கன்னு நட விடல. சாமி எடம்னு சொல்லும்."

"பானை பழசா தெரியுமா? சோத்துப் பானைன்னு கண்டுபிடிச்சிட்டா?"

"சோறா? இதுல ஒரு நாளும் ஒல வச்சதில்ல, தண்ணி ஊத்துனதில்ல. எங்கம்மா தூக்கிப் போடவும் விடல. நான் பொறந்ததுலேருந்து பரண்லதான் கெடந்துச்சு. தொட்டா அடி விழும்."

"ஏன்?"

"கேட்டா அழும். அப்புறம் யாரு கேக்குறது?"

சரண் சிரித்தான். "உங்கம்மாவே ஒரு மாதிரிதான். ஆம்பளப் பிள்ளைக்குப் போயி மூக்குக் குத்தி விட்டிருக்கே."

இருசப்பன் மூக்குத் துளையைத் தடவினார். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'மூக்கன்', அறுபத்தேழு வயதிலும் போகவில்லை. "எனக்கு முன்னுக்குப் பொறந்தது எதுவும் தங்கலடா. குறையுள்ள புள்ளைய எமன் தொட மாட்டானாம். அதுக்காகக் குத்துனது."

மண்ணைத் தள்ளி மூடினார்கள். இரண்டு வாரம் மழை பெய்தது.

பிறகு சரண் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டான். காட்டுப்பன்றி கிளறிய இடத்தில் பானை விளிம்பு தெரிந்தது, மழையில் மண் சரிந்து மூடிவிட்டது என்றான். நவமணி என்ற ஆய்வாளர் நான்கு மாணவர்களோடு வந்து, கயிறு கட்டி, சின்னக் கரண்டியும் தூரிகையுமாகத் தோண்டத் தொடங்கினார்.

முதல் நாளே பானை வந்தது. சரண் இருசப்பனின் காலை மிதித்துக் கண்ணடித்தான்.

மறுநாள் குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது என்றார் நவமணி.

"மாட்டிக்கிட்டோம் மாமா," என்றான் சரண்.

இருசப்பன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். பின்வாசலில் போய் நின்றால் கோயில் பக்கமிருந்து யாரோ பசியில் சிணுங்குவதுபோல் கேட்டது. ஒரு குரல் மட்டுமில்லை, பல.

"பூனை குட்டி போட்டிருக்கும்," என்றான் சரண். லயத்தில் அந்த வருடம் பூனையே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நவமணி இருவரையும் கூப்பிட்டார். அவர் கண் சிவந்திருந்தது. சரண் முந்திக்கொண்டான்.

"மிஸ், நாங்க தெரியாம…"

அவர் காதில் வாங்கவில்லை. "அங்கிள், போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்லிட்டேன். இனி புல்டோசர் உள்ள வராது. வீடு எதையும் இப்போதைக்குத் தொட முடியாது."

"ஒரு பானைக்கா?" என்றார் இருசப்பன்.

"ஒண்ணு இல்ல. ஏழு."

மாணவன் ஒருவன் தார்ப்பாயைத் தூக்கினான். ஓரமாக எடுத்து வைத்திருந்த பானைக்குப் பின்னால் குழி இன்னும் ஓரடி ஆழமாகியிருந்தது. அதில் ஆறு பானைகள், ஒன்றையொன்று ஒட்டி, ஒரே பாயில் படுத்திருப்பதுபோல்.

"நாம வச்சது ஒண்ணுதானே?" சரண் இருசப்பனின் காதருகே கேட்டான்.

"ஏழும் ஒரே குயவரோட கை. கழுத்துல அதே மூணு கோடு," என்றார் நவமணி. "ஆறுலயும் பச்சக் குழந்தை எலும்பு. கூடவே ரெண்டு ரெண்டு கறுப்பு வளையல். இந்த ஒண்ணு மட்டும் காலி, அங்கிள். அது ஏன்னுதான் புரியல."

வீடு தப்பித்தது. சரண் சந்தோஷத்தில் இருசப்பனின் கையைப் பிடித்தான். இன்னொரு கையின் விரல் மூக்குத் துளையை அழுத்திக்கொண்டிருந்தது.

"காலியா இருக்கிறது எனக்கு வாங்கி வச்சதும்மா."