ஒரு நீளமான கிலோமீட்டர்

"இதையே எத்தனை தடவைம்மா சொல்வீங்க? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார் விசாரணை அதிகாரி, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டபடி.

"உங்களுக்குப் புரியிற வரைக்கும் சார்" என்றாள் அவள்.

ரயில்வேயில் தண்டவாள விவரங்களைக் கணினியில் ஏற்றும் பிரிவில் அவளுக்கு வேலை. இந்த அறைக்கு மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். பசி, தலைவலி, எல்லாவற்றுக்கும் மேலாக அலுப்பு. போட்டது போட்டபடி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் இன்று இவர் எழுதப்போகும் முடிவில்தான் ஒரு டிரைவரின் வேலை ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

"88-ஆம் கிலோமீட்டர் கல்லுகிட்ட ரிப்பேர் வேலை நடக்குது. கல்லு வந்ததும் பிரேக் போடணும்னு உத்தரவு. கல்லுலயே போட்டேன்னு டிரைவர் சாதிக்கிறார். எஞ்சின்ல இருக்கிற கருவி, சக்கரம் சுத்தினதைக் கணக்குப் பண்ணி, 88 கிலோமீட்டர் தாண்டி இன்னும் 360 மீட்டர் போனப்புறம்தான் போட்டார்னு சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"மெஷினும் பொய் சொல்லலை, அவரும் பொய் சொல்லலை. மெஷின் சொல்றது நீளம், கல்லு சொல்றது இடம். புதுப் பாலம் கட்டினப்போ லைனை வளைச்சு விட்டாங்க. அதனால 71-ஆம் கல்லுக்கும் 72-ஆம் கல்லுக்கும் நடுவுல ஆயிரம் மீட்டர் இல்ல, ஆயிரத்து முந்நூத்தறுபது. அதுக்கப்புறம் இருக்கிற கல்லையெல்லாம் பிடுங்கி நட யாருக்குத் தெம்பு இருக்கு? அப்படியே விட்டுட்டாங்க."

"அப்போ 88-ஆம் கல்லு..."

"அவர் பிரேக் போட்ட அதே இடத்துலதான் நிக்குது. புதுக் கணினி முறையில இடத்துக்கு ஒரு கட்டம், நீளத்துக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா இருக்கு. உங்களுக்கு ரிப்போர்ட் கொடுத்தவர் ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அந்த ஆளோட ஃபைலைப் பார்த்தீங்களா? லீவுக்காகவே அவரோட பெரியப்பா மூணு தடவை செத்திருக்கார். இவர் பேச்சை எப்படிம்மா நம்பறது?"

"அவரை நம்பவே வேண்டாம் சார். பாலப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"ஆமா, அவர் உங்களுக்கு வேண்டப்பட்டவரா?"

"இல்லை சார்." பதில் சட்டென்று வந்தது.

அதிகாரி வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்தார். கேட்டார். "அப்படியா? இத்தனை வருஷமாவா?" என்றார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தது அவள் காதிலும் விழுந்தது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாம். இங்கே வந்து சொல்லத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

போனை வைத்துவிட்டு, 'டிரைவர்மீது தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

"அந்த மனுஷன் உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்மா. வெளியில பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கார். நல்ல சேதியை நீங்களே சொல்லிட்டுப் போங்க."

"வேண்டாம் சார். நான் பின்பக்கமா போயிடறேன். நான் வந்தது அவருக்குத் தெரியவே வேண்டாம்."

"ஏம்மா?"

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்த ஆள் வாயைத் திறந்தாலே பொய், இவரோட குடும்பம் நடத்த முடியாதுன்னு கோர்ட்டுல சொல்லி விவாகரத்து வாங்கினவ நான்தான் சார்."